சைக்கிளுக்குப் பொருத்தம் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முன்பே சொன்னேன். தீபாவளிக்கு முந்தின நாள், கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியில் அந்தப் புதுச் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் இறங்கினாயே, அன்றைக்கே, அந்த லொறி திரும்பிப் போகும் முன்பே சொன்னேன். இவள் முதலில் தனியாக ஓட்டுவாள். பிறகு ஒரு கூட்டத்தில் சேருவாள். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருப்பார்கள். பிறகு இவளுக்கு எங்கேயாவது வலிக்கும். வலித்த அன்றைக்கு எவனாவது ஒருவன் வந்து, தங்கச்சி, உன் உடம்பும் இந்தச் சைக்கிளும் பொருந்தவில்லை, வா, அளந்து பொருத்தித் தருகிறேன் என்பான். ஒரு சொல் பிசகாமல் நடந்திருக்கிறதா இல்லையா? உன் அப்பாவைக் கேட்டால், அன்றைக்கு நான் "டயரு என்ன இவ்வளவு மெலிசா இருக்கு" என்று மட்டும்தான் சொன்னதாகச் சொல்வார். அவர் பேச்சை எடுக்காதே. என் அண்ணனுக்கு ஞாபகசக்தி குறைவு. எனக்குத் தேவைக்கு அதிகம்.

பெற்ற தகப்பன் சுகமாக இருந்து அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உன் சைக்கிள் கூட்டத்தார் கேட்பார்கள். கேட்கட்டும். இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டத்தான் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் எனக்கே வந்துவிட்டது, அண்ணனுக்கு மிச்சம் இல்லை. நீ பிறக்கப்போகிற அன்று உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கொழுந்து லொறி. அந்த லொறியை மறித்தது நான். மறித்தது என்றால் சும்மா கை காட்டியல்ல, றோட்டில் குறுக்கே படுத்தே விட்டேன். உன் அம்மா நான் நின்றதாகத்தான் சொல்வார். படுத்தால் என்ன, நின்றால் என்ன, லொறி நின்றதல்லவா? எனக்குப் பிள்ளை இல்லை என்று தோட்டத்தில் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கு எண்ணத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் எண்ணத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நடந்ததை நான் இங்கே எழுதி வைக்க வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு உன் அம்மா பேசியது உனக்குக் கேட்டிருக்கும், நான் பேசியது கேட்டிருக்காது. போனைச் சத்தமாகப் பேசவிட்டு உன் அம்மா கையில் வைத்திருந்தார், நான் கோழிக்கூட்டுப் பக்கம் நின்றிருந்தேன்.

"அம்மா, நான் வரல. சித்தப்பாக்கிட்ட சொல்லிடுங்க."

"எங்க வரல?"

"அந்த சைக்கிள் பயணத்துக்குத்தான். மொழங்காலு ரொம்ப வலிக்குது. எங்க குழுத் தலைவரு, பொருத்தம் பாக்காம மலையேறக் கூடாதுங்குறாரு. எல்லாரும் பாத்துட்டாங்க, நான் மட்டுந்தான் பாக்கல. பாக்குறவருக்கிட்ட நாள் கேட்டா பயணம் முடிஞ்சதுக்கப்புறந்தான் இருக்காம்."

"அப்ப அடுத்த தடவ போயேன்."

"அடுத்த தடவ இல்லம்மா. எங்க தலைவரு என்னயப் பாத்துட்டுச் சொல்றாரு, ஒனக்குக் காலு கட்ட, கையும் கட்ட, ஒன்னோட ஒடம்புக்கு இந்த மாதிரி சைக்கிளே சரிவராதுன்னு. எல்லாருக்கும் முன்னாடி. நான் சைக்கிள வித்துடப் போறேன்."

உன் அம்மா முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வித்துத் தொல தாயீ. பொம்பளப் புள்ளைக்கு மொழங்காலு போச்சுன்னா நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

நான் கோழிக்கூட்டுப் பக்கமிருந்து கேட்டேன். "ஏன் அண்ணி, மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொழங்காலத் தட்டிப் பாத்தா பொண்ணு எடுப்பாங்க?"

"நீங்க சும்மா இருங்க தம்பி. ஒங்க வாயாலதான் இந்தப் புள்ளைக்கு இவ்வளவும்."

"அண்ணே, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

உன் அப்பா யோசித்தார். தேத்தண்ணி முழுவதையும் குடித்துவிட்டு யோசித்தார். "அவ இஷ்டம்" என்றார். அத்தோடு போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். அடுத்த பௌர்ணமி லீவில், போயா நாளில் உங்கள் கூட்டம் வேனில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளில் நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி ஊர் வரைக்கும் போகப்போகிறது என்று நீ சொன்ன அன்றைக்கே நான் தோட்டம் முழுவதும் சொல்லிவிட்டேன். அந்த வழி நம் லயத்துக்கு மேலே உள்ள றோட்டுத்தான். அந்த றோட்டில் வெள்ளைக்காரிகள் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறோம். கொழும்புப் பிள்ளைகள், கண்டிப் பிள்ளைகள் போய்ப் பார்த்திருக்கிறோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் பெண்கள் கை காட்டுவார்கள், அவர்களும் கை காட்டுவார்கள். கை காட்டுகிற பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து சைக்கிளில் ஏறி அந்தப் பக்கம் போனதை இந்தத் தோட்டம் இதுவரை பார்த்ததில்லை. நீ போவாய் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். கோயில் தவில்காரரிடமும் லேசாகச் சொல்லி வைத்திருக்கிறேன். லேசாகத்தான்.

இப்போது நீ கால் கட்டை என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை விற்கப் போகிறாய்.

அந்தப் பொருத்தம் பார்க்கிற இடத்தில் என்ன செய்வார்கள் என்று நீ முன்பு ஒருநாள் விளக்கினாய். சைக்கிளை ஒரு தாங்கியில் பூட்டி, உன்னை அதன்மேல் ஏற்றி, இடுப்பில், முழங்காலில், கணுக்காலில் பொட்டு ஒட்டி, கமராவில் பிடித்து, கம்பியூட்டரில் கோணம் பார்ப்பார்களாம். பிறகு சீட்டை அரை விரல் உயர்த்தி, கால் விரல் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை மாற்றி, ஒரு கடதாசியும் கொடுப்பார்களாம். உலகத்தை வலம்வருகிற பந்தயக்காரனுக்கு அது வேண்டும். நாளெல்லாம் சீட்டில் குந்தியிருக்கிறவனுக்கு அரை விரலும் பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ யார்? ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி நாடாளுமன்றத்துப் பக்கம் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, அப்பம் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள் இன்சூரன்ஸ் கந்தோருக்கு வேலைக்குப் போகிற பிள்ளை. உன் உடம்பு இன்னும் சைக்கிளோடு பேசவே தொடங்கவில்லை. இன்றைக்குக் குனிய வராத முதுகு இரண்டு மாதத்தில் குனியும். இன்றைக்கு வலிக்கிற கை பிறகு வலிக்காது. மாறிக்கொண்டிருக்கிற ஒன்றை இன்றைக்கு அளந்து கடதாசி கொடுத்தால், அடுத்த மாதம் அந்தக் கடதாசியில் கடலை சுற்றலாம்.

உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பார்க்காத பொருத்தமா? இந்தத் தோட்டத்து ஐயர் போதாதென்று ராகலையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து பார்த்தார்கள். எல்லாம் பிரமாதமாகப் பொருந்துகிறது என்றார். கல்யாணம் முடிந்த அடுத்த கிழமையே உன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக, பின்னாலேயே ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தியவன் நான். அண்ணி திரும்பி வந்தது கடதாசியில் இருந்த கட்டங்களைப் பார்த்தல்ல. உன் அப்பா அன்றைக்கு முதன்முதலாக அடுப்பு மூட்டி, கருகக் கருக ரொட்டி சுட்டு வைத்திருந்தார். அவர் கொஞ்சம் நகர்ந்தார், இவர் கொஞ்சம் நகர்ந்தார். மனுசருக்கே அதுதான் வழி என்றால் இரும்புக்கு என்ன?

உன் குழுத் தலைவருக்கு என் தகுதியைச் சொல். இந்தத் தோட்டத்தில் தப்பால்காரனாக இருந்தவன் நான். தப்பால்காரன் என்றால் அவருக்குத் தெரியாது. கீழ்ப் பிரிவிலிருந்து மேலே பெரிய கந்தோருக்குக் கடிதம், கணக்கு, சம்பளச் சங்கதி எல்லாம் தோல் பையில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் நடந்தார்கள். நான் ஒருத்தன்தான் சைக்கிளில் போனேன். சைக்கிள் யாரோ ஒரு பழைய துரை விட்டுப்போனது. அந்தத் துரை பனைமரம் மாதிரி இருந்திருக்க வேண்டும், நான் உனக்குத் தெரிந்த உயரம். அதற்கும் எனக்கும் எந்த ஊர்ப் பொருத்தம்? ஆனால் ஏறினேன், ஓட்டினேன். பெக்டரி வளைவில் அப்போதிருந்த துரையின் ஜீப்பை முந்தினேன். துரை கண்ணாடியை இறக்கி, "யார் இவன்?" என்று கேட்டதாகச் சாரதி பிறகு சொன்னான். ஒருநாள் விடிகாலை மூடுபனியில், டர்பன்டைன் மரக்காட்டுத் திருப்பத்தில், நடு றோட்டில் ஒரு சிறுத்தை குந்தியிருந்தது. எனக்குப் பிரேக் கிடையாது. மழைக்காலத்தில் அந்தச் சைக்கிளின் பிரேக் ஒரு பேச்சுக்குத்தான். மணியை அடித்தேன். அது என்னைப் பார்த்தது, தோல் பையைப் பார்த்தது, கந்தோர் விஷயம் என்று விளங்கிக்கொண்டு றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழிவிட்டது. உன் அப்பா அதை, மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வீட்டு நாய் என்பார். அவர் அன்றைக்கு என்னோடு வந்தாரா? இல்லை. படுக்கையில் கிடந்தார்.

பிரேக் இல்லாத சைக்கிளுக்கு என் செருப்புத்தான் பிரேக். அதனால்தான் சீட்டை அடியோடு அமுக்கி வைத்து ஓட்டினேன். சீட்டில் இருந்தபடியே இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும். இந்த மலையில் சைக்கிள் தொட்ட எல்லோரும் அப்படித்தான், சரிவில் தேய்த்து நிறுத்த வேறு வழி இல்லை. தீபாவளிக்கு உன் சைக்கிளை நான் எப்படிச் சரிசெய்து தந்தேன் என்று ஞாபகம் இருக்கும். லயமே கூடி நின்றது. அதோடு வந்த சின்னச் சாவியை வாங்கி, சீட்டைத் தளர்த்தி, உன்னை உட்காரச் சொல்லி, கீழே, கீழே என்று இறக்கினேன். நீ கேட்டாய், "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் ஒசரமா இருந்தா என்ன? கடையில இப்படி வைக்கலியே." நான் சொன்னேன், "கடைக்காரனுக்குச் சரிவு தெரியுமா? ரெண்டு காலும் தரையில படணும். அதான் சட்டம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நீயும் தலையாட்டிவிட்டு அப்படியே கொழும்புக்குக் கொண்டுபோனாய். அந்த உயரத்தில்தான் இன்றைக்கும் ஓட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அது உன்னிடம் உள்ள ஒரே குறை.

இப்போது அளப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை உன் தலைவரின் முகத்துக்கு நேரே வாசி. எங்களை அளக்காத ஆளே இல்லை. விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்கவைத்துப் பெயரை அளந்தார்கள். தராசில் கொழுந்தை அளந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இத்தனை அடி போதும் என்று லயத்து அறையை அளந்தார்கள். அளந்தவர்களில் ஒருவராவது, இந்த அறை இவர்களுக்குச் சின்னது என்று சொன்னாரா? இவர்கள் இந்த அறைக்குப் பெரிது என்றுதான் சொன்னார்கள். உன் கால் கட்டை என்கிறவர் பேச்சிலும் அதே வாடைதான் அடிக்கிறது. உன் காலுக்கு அந்தச் சைக்கிள் நெட்டை என்று அவர் வாயில் ஏன் வரவில்லை?

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் மழைச்சட்டை கொடுத்தார்கள். உன் அம்மா அதைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே, கூடாரத்துக்குள் ஒருத்தி முழித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கொழுந்து எடுக்கும்போது செடியில் மாட்டும், காலில் தட்டும். கணக்கப்பிள்ளை, "ஒனக்கு ஒசரம் பத்தல, நான் என்ன பண்ண" என்றார். உன் அம்மா என்ன செய்தார் தெரியுமா? மலையிலிருந்து வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து முழங்காலுக்குக் கீழே இருந்ததை நறுக்கென்று வெட்டினார். வெட்டிய துண்டில் உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தலைமூடி தைத்தார். அடுத்த நாள் கணக்கப்பிள்ளை, "தோட்டத்துச் சாமான வெட்டலாமா?" என்று கேட்டார். "அப்ப என்னய வெட்டிக்கவா ஐயா?" என்றார் உன் அம்மா. அன்றைக்கு மலை முழுவதும் சிரித்தது. இன்றைக்கு வித்துத் தொலை என்கிறாரே, அந்த அம்மாதான். அவர் பயத்தில் பேசுகிறார், நீ அதைப் பெரிதாக எடுக்காதே. கத்தரிக்கோல் எடுத்த கையை ஞாபகம் வை.

பொருத்தம் வேண்டாம் என்று நான் சும்மா சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருக்கிறேன். நோர்வூட் பஜாரில் சலீம் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. ஒரு பக்கம் தேத்தண்ணி, மறு பக்கம் டயருக்கு ஒட்டுப் போடுவார். ஒருநாள் தப்பால் பையோடு அங்கே இறங்கினேன். நல்ல மழை. கண்டிப் பக்கமிருந்து வந்த சைக்கிள்காரர்கள் கொஞ்சம் பேர் நனைந்து ஒதுங்கி நின்றார்கள், உங்கள் மாதிரியே ஒரே சட்டை. அதில் தலை நரைத்த ஒரு சிங்கள அம்மா. சலீம் நானா காதில் சொன்னார், "தம்பி, இந்த நோனாவுக்குத் தொழிலே ரேஸ் ஓடுறவங்களுக்கு சைக்கிள் சரி பண்ணிக் குடுக்குறதுதான்." அந்த அம்மா சுவரில் சாத்தியிருந்த என் சைக்கிளைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். "மே சீட் எக ஹெதுவே கவுத?" என்று கேட்டார். இந்தச் சீட்டை வைத்தது யார் என்று. நான் நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் என்றேன். அந்த அம்மா தலைக்கவசத்தைக் கழற்றினார், மகள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், மல்லி, அதாவது தம்பி, இதில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை, நீ கொழும்பில் ஒரு கடை போடலாம் என்று. மற்றவர்களைக் கூப்பிட்டு, கமரா இல்லை, கம்பியூட்டர் இல்லை, பாருங்கள் இந்த மனுசனை என்று காட்டினார். அந்தத் தொழில் செய்கிற வாயே ஒன்றும் தேவையில்லை என்று சொன்ன பிறகு உன் தலைவர் எந்த மூலைக்கு? சந்தேகம் இருந்தால் சலீம் நானாவைக் கேட்கச் சொல். அவர் இப்போது மகளோடு புத்தளத்தில் இருக்கிறார், முகவரி என்னிடம் இல்லை.

ஆகவே பொருத்தம் பார்க்காமலே நீ வரவேண்டும். வரும்போது தேவையானதைச் சொல்கிறேன். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார், அது என்னிடம் இல்லாத வசதி. டயருக்குக் காற்று. மழைச்சட்டை கட்டாயம், ஹட்டனில் வெயில் அடித்தால் நோர்வூட்டில் மழை என்பது உனக்குத் தெரியாததா? அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தடவிக்கொள். ஏற்றத்தில் மற்றவர்கள் முந்திப்போனால் போகட்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாலும் வெட்கப்படாதே, தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் பேச்சுக்கு ஆள் கிடைக்கும். முழங்கால் வீங்கினால், படுத்திருக்கும்போதும் குத்தினால், அது வேறு, அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், அதில் நான் வாய் வைக்கமாட்டேன்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனையை மூடியும் விட்டேன். உன் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். முழுவதும் வாசித்தார். அவர் வாசிக்க எடுத்த நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் சொன்னார், "அவளுக்கு வலி மொழங்காலுக்கு முன் பக்கமா, பின் பக்கமான்னு கேட்டியா?"

"ஏன்?"

"ஒனக்கு முன் பக்கந்தான வலிக்கும். அண்ணி தைலம் தேச்சுத் தருவாளே. அப்புறம் திடீர்னு நின்னுச்சே, அது எப்படி?"

அவருக்கு ஞாபகசக்தி குறைவு என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வெட்டிவிடு.

சரி, கேள். சலீம் நானாவின் கடை உண்மை. மழை உண்மை. அந்த அம்மா சீட்டை வைத்தது யார் என்று கேட்டதும் உண்மை, நான் நெஞ்சை நிமிர்த்தியதும் உண்மை. அதற்குப் பிறகு அவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சைக்கிளை விட்டு இறங்கும்போது முழங்காலைத் தேய்த்ததை அவர் பார்த்திருக்கிறார். முழங்கால் சிப்பிக்கு முன் பக்கம் வலிக்கிறதா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "சீட் எக பாத் வெடியி, மல்லி" என்றார். சீட்டு ரொம்பப் பணிவாக இருக்கிறதாம். சலீம் நானாவிடம் ஸ்பேனர் வாங்கி, என்னை ஏற்றி வைத்து, குதிகாலை மிதியில் வைக்கச் சொல்லி, மிதி அடியில் போகும்போது கால் நேராக வருகிற வரைக்கும் சீட்டை உயர்த்தினார். நாலு விரலுக்குக் குறையாது. கால் தரையில் எட்டவில்லை என்று நான் கத்தினேன். ஓடிக்கொண்டிருக்கிறவனுக்குத் தரை எதற்கு மல்லி, நிற்கும்போது சீட்டை விட்டு இறங்கி நில், பிரேக்குக்கு ரப்பர் கட்டை மாற்று என்றார். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாளில் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. அதை யாருக்கும் சொல்லவில்லை. கடை போடச் சொன்னார் என்கிற கதை அதைவிட அழகாக இருந்தது, சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் இந்தத் தோட்டத்திலேயே முதன்முதலாகத் தொழில்முறையில் பொருத்தம் பார்க்கப்பட்ட மனுசன் நான்தான். அதுவும் ஒரு பெருமைதான், அதை உன் தலைவரிடம் சொல்ல மறக்காதே.

அப்படியிருந்தும் தீபாவளிக்கு உன் சீட்டை ஏன் அமுக்கினேன் என்று நீ கேட்பாய். கேட்க வேண்டாம், சொல்கிறேன். நீ அதில் ஏறி உட்கார்ந்து லயத்துச் சரிவைக் கீழே பார்த்தாய். நானும் பார்த்தேன். என் கை அதுவாகவே சீட்டைக் கீழே தள்ளிவிட்டது. உன் அம்மா போனில் பேசினது மாதிரி நான் சாவியால் பேசினேன். அவ்வளவுதான் விஷயம். உன் முழங்காலுக்குக் குற்றவாளி உன் கால் அல்ல.

நாளைக்குக் காலையில் அந்தச் சின்னச் சாவியை எடு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார். குதிகாலை மிதியில் வை. கால் நேராகும் வரைக்கும் சீட்டை உயர்த்து, ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. பயமாகத்தான் இருக்கும். ஒரு கிழமை ஓட்டிப் பார். வலி நின்றால், உன்னைக் குழுத் தலைவர் விட்டாலும் விடாவிட்டாலும், போயா அன்றைக்கு ஹட்டனில் இருந்து நீ புறப்படு. றோட்டு அவர் வீட்டு றோட்டு அல்ல. வலி நிற்காவிட்டால் அந்தப் பொருத்தக்காரரிடமே போய்ப் பொட்டு ஒட்டிக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், போவாய் என்று முன்பே சொன்னேன் என்பதைத் தவிர. சைக்கிளை மட்டும் விற்காதே.

நான் டர்பன்டைன் மரக்காட்டுத் திருப்பத்தில் பிளேன்டீயோடு நிற்பேன். உன் அம்மாவும் நிற்பார், வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே புடவை எடுத்து வைத்திருக்கிறார். அங்கே கால் ஊன்றி நின்று பேச நினைக்காதே. கை மட்டும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இரு.

இந்தக் கடிதத்தில் நான் இட்டுக்கட்டியது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. சிறுத்தையும்தான்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா